ரீல் பழக ஒரு டி விசில்: வன்னி வெயிலில் எப்படி?

பித்தளைக் குழாய், பிளாஸ்டிக் ஊதுமுனை, ஆறு துளை. ஐரிஷ் நடன மெட்டான ரீல் பழக இந்த மலிவு டின் விசிலே போதும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடும்போது மட்டும் 'டி' விசில் என்று அழுத்திச் சொல்லுங்கள். சி விசில் வந்தால், பதிவுகளோடு சேர்ந்து ஊதும்போது ஒரு முழுச்சுரம் கீழே நிற்கும்.

ஆறு துளையையும் மூடினால் 2 கட்டை ஷட்ஜம், அதுதான் டி. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கச் சங்கராபரண ராகம் வரும். அதே விரல்களில் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் கரகரப்பிரியா. ஏராளமான ரீல்கள் இந்த நிறத்தில்தான். கீழ் டிக்கு மூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும், கொஞ்சம் கூடினாலும் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். ஒரே தயாரிப்பில் ஒன்று இனிமையாகவும் அடுத்தது கீச்சென்றும் இருப்பதுதான் இதன் பெரிய குறை.

தாளத்தில் நமக்கு வாய்ப்பு அதிகம். ரீலின் ஒவ்வொரு தட்டிலும் 'தகதிமி' என்று நான்கு சுரம், ஒரு பாருக்கு, அதாவது மேற்கத்திய இசையின் ஒரு தாளக் கட்டத்துக்கு, இரண்டு தட்டு. நான்கு பார் சேர்ந்தால் ஆதிதாளம் ஓர் ஆவர்த்தனம். எட்டு பார் கொண்ட முதற் பகுதி இருமுறை, இரண்டாம் பகுதி இருமுறை: மொத்தம் 32 பார், 8 ஆவர்த்தனம். 'தகிட தகிட' என்று ஓடினால் அது ஜிக் என்ற வேறு நடன மெட்டு, ரீல் அல்ல. கூத்துக்காரரைப் போல வாயால் சொல்லிக் காலால் தட்டிய பிறகே விசிலை எடுங்கள்.

தகதிமியைச் சமமாக வாசித்தால் இயந்திரம் போலாகிவிடும். 'த'வும் 'தி'யும் ஒரு மயிரிழை நீளவேண்டும். கமகம் சேர்க்கக் கூடாது, இங்கே அழகு விரல் தட்டில் இருக்கிறது. ஜி சுரத்தில் ரோல் என்ற அலங்காரம் இப்படி: ஊதுமுனைப் பக்கமிருந்து எண்ணி முதல் மூன்று துளையை மூடினால் ஜி. அது ஒலிக்க மூன்றாம் துளை விரலைச் சட்டென எடுத்து வையுங்கள், பிறகு நான்காம் துளையை ஒருமுறை தட்டுங்கள். மூன்று ஜி கேட்கும். தட்டுக்கும் எடுப்புக்கும் தனி நேரம் கிடையாது. கொடுத்தால் தாளம் சறுக்கும். ரீலில் மூச்சுக்கு இடைவெளியே இல்லை. பலவீனமான ஒரு சுரத்தை விழுங்கி மூச்செடுங்கள், பாரின் முதற் சுரத்தை ஒருபோதும் விடாதீர்கள்.

கிளிநொச்சி மத்தியான வெயிலில் குழாய்க் காற்று சூடாகிச் சுருதி ஏறும். ஊதுமுனையை 2, 3 மில்லிமீற்றர் வெளியே இழுத்தால் சரி. பசையிட்டு ஒட்டியிருந்தால் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்துத் துணியால் பிடித்துத் திருகலாம். கொதிநீர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். செம்மண் தூசு அடைத்தால் ஈர்க்கு விட்டுக் கிண்டாதீர்கள், காற்றை வெட்டும் விளிம்பு கீறினால் ஒலி போய்விடும். ஈரக் கடதாசித் துண்டு போதும். பித்தளை கறுத்தால் ஊதுமுனையைக் கழற்றிவிட்டு, குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் பழப்புளி.