பேர்ட் மார்க் 7: மின்சாரம் கேட்காத மூச்சுப் பெட்டி

50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுத்தால் போதும், பேர்ட் மார்க் 7 என்ற வென்டிலேட்டர், அதாவது செயற்கை மூச்சுக் கருவி, ஓடத் தொடங்கிவிடும். மின்கம்பி, பேட்டரி, திரை எதுவும் கிடையாது. 1950களின் பிற்பகுதியில் வந்த இந்தப் பச்சைப் பெட்டி, நவீன வென்டிலேட்டர் பழகியவர்களுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியலாம். உள்ளே திறந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

இதைச் செய்த ஃபாரஸ்ட் பேர்ட் 1921இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ விமானி. விமானங்கள் மேலே மேலே ஏற, அங்கே விமானி மூச்சிழுக்கும்போது மட்டும் ஆக்ஸிஜன் தரும் ரெகுலேட்டர் தேவைப்பட்டது. அந்த வால்வில் கைவைத்தவர், போருக்குப் பிறகு அதே சங்கதியை நோயாளியின் வாயருகே கொண்டுவந்தார். முதல் மாதிரியைத் தகர டப்பாக்களையும் ஒரு கதவுக் குமிழையும் வைத்துச் செய்தார் என்பார்கள். கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் சொந்த நிறுவனம் நடத்தி, 1978இல் அதை 3எம் நிறுவனத்துக்கு விற்றார். அதோடு ஓய்ந்துவிடாமல், ஐடஹோ மாநிலத்தில் பெர்கஷனேர் என்று இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் 94 வயதில் காலமானார்.

பெட்டிக்குள் இரண்டு அறைகள், நடுவே டயாஃப்ரம் எனும் வளையும் சவ்வு. அதன் இருபக்கமும் இரும்புத் தகடு, ஒவ்வொரு தகட்டுக்கும் எதிரே ஒரு காந்தம். நோயாளி லேசாக மூச்சை இழுத்ததும் டயாஃப்ரம் ஒரு காந்தத்தை விட்டு மற்றதிடம் தாவும், வால்வு திறக்கும். நுரையீரல் நிரம்பி, வைத்த அழுத்தம் வந்ததும் திரும்பத் தாவும், வால்வு மூடும். காந்தத்தைத் தகட்டருகே நகர்த்துவதுதான் திருகுகளின் வேலை. சென்சிட்டிவிட்டி (எவ்வளவு லேசான இழுப்புக்கு மூச்சு தொடங்கும் என்பது) காந்தம் நெருங்கினால் நோயாளி கூடுதலாக இழுக்க வேண்டும்; அழுத்தக் காந்தம் நெருங்கினால் மூச்சு அதிக அழுத்தம் வரை போகும்.

அழுத்தம், சென்சிட்டிவிட்டி, ஃப்ளோ (காற்று பாயும் வேகம்) மூன்றையும் 15இல் வைத்துத் தொடங்குவது வழக்கம். அழுத்தத்தை மேனோமீட்டர் என்ற அழுத்தமானியில் சரிபார்க்கலாம், அது செ.மீ. நீர் அளவு. மற்ற இரண்டு எண்களும் வெறும் குறியீடுதான், லிட்டர் என்று நினைக்க வேண்டாம். தானாக மூச்சுவிடுபவருக்கு, நோயாளி இழுக்காமலே மூச்சைத் தொடங்கும் டைமரை முழுக்க மூடிவிட வேண்டும். ஏர்மிக்ஸ் குமிழை வெளியே இழுத்தால் அறைக்காற்று கலக்கும், உள்ளே தள்ளினால் சுத்த ஆக்ஸிஜன். தள்ளியதும் ஃப்ளோ குறைந்துவிடும், அதைக் கூட்ட மறக்கக் கூடாது. கலந்தால் 40 சதவீதம்தான் போகும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. சுற்றில் எதிரழுத்தம் ஏற ஏற வெஞ்சுரி (ஆக்ஸிஜன் பாயும் வேகத்தில் அறைக்காற்றை இழுக்கும் குறுகிய குழாய்) உள்ளிழுக்கும் காற்று குறைந்து, ஆக்ஸிஜன் 60 சதவீதத்தையும் தாண்டிவிடும்.

இதன் பெரிய குறை, இதற்கு அழுத்தம் மட்டுமே தெரியும் என்பது. எவ்வளவு காற்று உள்ளே போனது என்று தெரியாது. ட்யூப் மடங்கினாலோ சளி அடைத்தாலோ அழுத்தம் சட்டென்று ஏறும். மூச்சு பாதியில் நிற்கும். பெட்டி மட்டும் டக், டக் என்று உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மணி கிடையாது. வெளிவிடும் மூச்சின் கொள்ளளவை ஸ்பைரோமீட்டர் கருவியில் அளக்காமல் இதை நம்பக் கூடாது. எதிர்ப்பக்கக் கோளாறு கசிவு: மாஸ்க் சரியாகப் பொருந்தாவிட்டால், மூச்சுக்குழாய் ட்யூபைச் சுற்றியுள்ள காற்றுப் பை (கஃப்) தளர்ந்தால், அல்லது வெளிமூச்சு வால்வின் சிறு பலூன் கிழிந்தால் வைத்த அழுத்தம் வரவே வராது, காற்று நிற்காமல் ஓடும். இப்படி நடந்தால் முதலில் பலூனைப் பாருங்கள், திருகுகளை அப்புறம் தொடலாம். யாரும் இழுக்காமலே மூச்சு தொடங்கினால் சென்சிட்டிவிட்டி மிகத் தளர்வாக இருக்கிறது என்று பொருள்.

சிலிண்டரில் ஓட்டினால் கணக்குப் போட வேண்டும். சுமார் 660 லிட்டர் பிடிக்கும் ஈ அளவு சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் சுத்த ஆக்ஸிஜன் போனால் ஒரு மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும்.

மருந்தைப் புகைபோலாக்கும் நெபுலைசரோடு சேர்த்து மூச்சுச் சிகிச்சைக்கு ஒரு காலத்தில் இதை எல்லோருக்கும் போட்டார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்குச் சாதா நெபுலைசரைவிட இதில் பெரிய லாபமில்லை என்று 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது, பயன்பாடு இறங்கியது. நியாயமான இறக்கம்தான். நெஞ்சுக்கூட்டில் கசிந்த காற்று வடிக்கப்படாதவருக்கு இதை வைக்கவே கூடாது.

ஆனால் வென்டிலேட்டர் படிப்பவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. பயிற்சிக்குப் பழைய பெட்டி வாங்குகிறவர்கள் ஒரு டெஸ்ட் லங்கை (நுரையீரலுக்குப் பதிலான சோதனைப் பை) மாட்டிப் பாருங்கள். அதைக் கையால் அமுக்கினால் மூச்சு சீக்கிரம் நிற்க வேண்டும். கழற்றினால் காற்று நிற்காமல் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும், டயாஃப்ரத்தையும் வால்வையும் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.