ஆன்-கிரிட் சோலாருக்கு பேட்டரி மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறு இருக்கிறது, ஆன்-கிரிட் இன்வெர்ட்டரோடு. அதாவது பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி, பேட்டரி இல்லாமல் நேராக மின்வாரிய லைனோடு சேர்க்கும் வகை. லைனுக்குப் போகும் கரண்டையும் கணக்கெடுக்கும் நெட் மீட்டர் மாட்டியாகிவிட்டது, மத்திய அரசின் சூரிய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியமும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட்டுக்குக் குறையாது. பேனலைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதை விற்றவர் அப்புறம் எங்கள் தலையில் கட்டிய பேட்டரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

விற்கும்போது அவர் சொன்னது: "கரண்ட் போனாலும் சோலார் பாட்டுக்கு ஓடும் சார், பகல்ல உங்களுக்கு இருட்டே கிடையாது." மாதாந்திரப் பராமரிப்பு என்று துணைமின் நிலையத்தில் காலை 9 மணிக்கு நிறுத்தினார்கள். வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஒரு ஃபேன் ஓடவில்லை. போன் போட்டால், "அதுக்கு பேட்டரி வேணும் சார், நான்தான் சொன்னேனே" என்கிறார். சொல்லவே இல்லை.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அப்படி நிற்பது பழுது அல்ல. லைனில் வரும் கரண்டின் அலையைப் பார்த்து அதோடு சேர்ந்துதான் அது ஓடும், தானாக ஓர் அலையை உருவாக்காது. தெருவில் கரண்ட் இல்லாதபோது நம் வீட்டிலிருந்து கரண்ட் வெளியே போனால் கம்பத்தில் நிற்கும் லைன்மேனுக்கு ஆபத்து. அதனால் லைன் போன 2 நொடிக்குள் அது நின்றாக வேண்டும். இதற்குத்தான் ஆன்டி-ஐலண்டிங் என்று பெயர். இதை மறைத்து விற்றது முதல் ஏமாற்று.

இரண்டாவதில்தான் பணம் போனது. 3.5 கேவிஏ சைன்வேவ் யுபிஎஸ் ஒன்று, 150 ஏஎச் டியூபுலர் (லெட்-ஆசிட் வகை) பேட்டரி நான்கு, வயரிங் கூலி எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய். கடைகளில் விற்கும் சாதாரண வீட்டு யுபிஎஸ்தான் அது. அதன் அவுட்புட் லைனிலேயே சோலார் இன்வெர்ட்டரையும் கொண்டுவந்து சேர்த்தார். "இப்ப யுபிஎஸ் குடுக்குற கரண்டை லைன்னு நினைச்சு சோலார் ஓடும் பாருங்க" என்றார். மெயினை ஆஃப் செய்து காட்டவும் செய்தார். ஒரு நிமிடம் கழித்து சோலார் உண்மையிலேயே ஓட ஆரம்பித்தது. மாலை 5 மணி வெயில் அது. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த ஷட்டவுன் நாள், நடுப்பகல். பேனலிலிருந்து 2,400 வாட் வருகிறது. வீட்டில் ஓடுவது ஃப்ரிட்ஜும் இரண்டு ஃபேனும், 300 வாட்கூட இருக்காது. வெளியே லைன் இல்லை. மீதி 2,100 வாட் எங்கே போகும்? யுபிஎஸ்ஸின் அவுட்புட் வழியாகப் பின்பக்கமாக நுழைந்து பேட்டரிக்குத்தான் போகும். 48 வோல்ட் பேட்டரியில் அது ஏறக்குறைய 40 ஆம்பியர். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரிக்கு 15 முதல் 20 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்கக் கூடாது. அதுவும் அன்று பேட்டரி ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. உலை கொதிப்பதுபோல் பேட்டரிக்குள் சத்தம், வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். கொஞ்ச நேரத்தில் யுபிஎஸ்ஸுக்குள் டப்பென்று வெடித்தது. அம்மா பூஜை அறையில் விளக்கேற்றப் போனவரைத் தடுத்து வெளியே அழைத்து வந்தோம். கொதிக்கும் லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும்.

யுபிஎஸ் கம்பெனியின் சர்வீஸ் பையன் வந்து திறந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "அவுட்புட்ல யார் சார் சோலாரைக் குடுத்தது?" கரண்டை மாற்றிக் கொடுக்கும் மாஸ்பெட் பாகங்கள் எல்லாம் போய்விட்டன, வெளியிலிருந்து கரண்ட் உள்ளே வந்திருப்பதால் வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்மேல் கோபமில்லை, அந்தப் பெட்டி அதற்குச் செய்யப்பட்டதில்லை. மாட்டியவரோ, "லோடு கம்மியா வெச்சிருந்தா அப்படித்தான் சார் ஆகும்" என்றார். ஷட்டவுன் அன்று ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம்!

ஆன்-கிரிட்டோடு பேட்டரி சேர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும், அதற்கென்று செய்த கருவி வேண்டும். ஒன்று, ஹைப்ரிட் இன்வெர்ட்டர்: பேனல், பேட்டரி, லைன் மூன்றும் அதன் கட்டுப்பாட்டில் இருக்கும், கரண்ட் போனால் பேக்கப் என்று தனியாக உள்ள அவுட்புட் மட்டும் ஓடும். இன்னொன்று, இருக்கிற ஆன்-கிரிட்டை வைத்துக்கொண்டே ஏசி கப்ளிங் செய்வது, அதாவது அதையும் ஒரு பேட்டரி இன்வெர்ட்டரையும் வீட்டின் ஏசி (மாறுதிசை மின்சார) லைனில் சேர்ப்பது. அதில் பேட்டரி இன்வெர்ட்டர், பேட்டரி நிரம்பியதும் கரண்டின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸை வேண்டுமென்றே கொஞ்சம் உயர்த்தும். அதைப் பார்த்து சோலார் இன்வெர்ட்டர் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். எங்கள் வீட்டில் மாட்டிய யுபிஎஸ்ஸுக்கு இந்த வித்தை தெரியாது. ஏசி கப்ளிங்கில் பெயர் பெற்ற விக்ட்ரான் நிறுவனத்தின் கையேட்டில் 1 கிலோவாட் பேனலுக்கு ஏறக்குறைய 5 கிலோவாட் மணி (அதாவது 5 யூனிட்) லெட்-ஆசிட் பேட்டரி வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் பேனலுக்கு 16 கிலோவாட் மணி வேண்டும். இவர் விற்ற நான்கு பேட்டரியும் சேர்ந்து 7.2 தான்.

ஆகவே யாராவது பேட்டரி போட்டுத் தருகிறேன் என்று வந்தால், கொட்டேஷனில் இன்வெர்ட்டரின் மாடல் எண்ணைக் கேளுங்கள். அதன் கையேட்டில் பேக்கப் அவுட்புட் அல்லது ஏசி கப்ளிங் என்று அச்சில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "கரண்ட் போனால் சோலார் ஓடும்" என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பேட்டரிக்கும் மானியம் வாங்கித் தருகிறேன் என்று எங்களுக்கு விற்றவர் சொன்னார். அந்த 78,000 சோலாருக்கு மட்டும்தான். சோதித்துக் காட்டுவதாக இருந்தால் நடுப்பகலில், பேட்டரி நிரம்பியிருக்கும்போது காட்டச் சொல்லுங்கள். நழுவினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்ததற்கு அவர் தரப்பிலிருந்து பதிலே வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவு, சர்வீஸ் ரிப்போர்ட் மூன்றும் கைவசம் இருக்கின்றன.

எங்கள் பகுதியில் இதே வயரிங்கை வேறு சில வீடுகளிலும் அவர் செய்திருக்கிறார் என்று தெரியவந்ததால்தான் அவசரமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் சோலார் இன்வெர்ட்டரின் வயர் யுபிஎஸ் அவுட்புட்டில் சேர்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து இந்த வாரமே பாருங்கள். அப்படி இருந்தால், அதை மெயின் பக்கம் மாற்றும்வரை சோலாரின் ஏசி பிரேக்கரை ஆஃப் செய்தே வையுங்கள். கரண்ட் போனதும் ஓடிப்போய் ஆஃப் செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள், ஒரு நிமிடத்தில் அது மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.