2-அமினோபியூரினும் நானும்: நான்கு ஆண்டு அனுபவம்

மனிதக் குரோமோசோமின் நுனியில் டிடிஏஜிஜிஜி என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். அதில் 22 எழுத்துள்ள ஒரு துண்டு பொட்டாசியம் பட்டதும் ஜி-குவாட்ரூப்ளெக்ஸாகிவிடும், அதாவது ஒற்றை இழை தன்மேலேயே நான்காக மடிந்து நிற்கும். அந்த மடிப்பைப் பார்க்க நான்கு ஆண்டுகளாக நான் நம்புவது 2-அமினோபியூரின் என்ற ஒளிரும் ஆய்வியைத்தான்; இழையில் ஓர் எழுத்துக்குப் பதிலாக இதை வைத்து, ஒளி மாறுவதைப் பார்ப்பேன்.

டி.என்.ஏ.வின் 'ஏ' எழுத்தான அடினினில் 6-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ தொகுதி இதில் 2-ஆம் இடத்தில் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். தைமினோடு ஜோடியும் சேரும் என்பதால் டி.என்.ஏ. இதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை. வார்டு, ரைக், ஸ்ட்ரையர் மூவரும் 1969-இலேயே இதன் ஒளிர்வை விவரித்துவிட்டார்கள். தனியாக நீரில் இருந்தால் நன்றாக ஒளிரும், குவாண்டம் ஈட்டு, அதாவது உறிஞ்சிய ஒளியில் ஒளிர்வாகத் திரும்பும் பங்கு, 0.68. பக்கத்து காரங்களோடு (டி.என்.ஏ. எழுத்துகளோடு) அடுக்கிக்கொண்டால் மங்கிவிடும். அந்த ஓர் எழுத்து இப்போது வெளியே தொங்குகிறதா, உள்ளே ஒடுங்கியிருக்கிறதா என்பதை அந்த மங்கலே சொல்லிவிடுகிறது.

இதற்கு முன் இழையின் இரு முனையிலும் ஃபேம், டாம்ரா சாயங்களை ஒட்டிப் பார்த்தேன். முனைகள் நெருங்கினவா என்று தெரியும், நடுவில் நடப்பது தெரியாது. போதாததற்கு, ஃபேம் அமிலத்தன்மை மாறினாலே ஒளி மாறும் சாயம். நான் பயன்படுத்திய டிரிஸ் பஃபர் கரைசலின் பி.எச்.சோ சூடாக்கினால் இறங்கிக்கொண்டே போகும். உருகுநிலையை, அதாவது மடிப்பு அவிழும் வெப்பநிலையை, அளக்க அந்த ஜோடி சரிவரவில்லை. தையோஃப்ளேவின் டி என்ற சாயம் மலிவு, மடிந்ததா இல்லையா என்று சட்டென்று பார்க்கலாம். நான் அதற்கு மேல் அதை நம்புவதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு முறை தவித்துப் போனேன். லித்தியம் பஃபரில் இழை மடியாமல் கிடக்க வேண்டும். அதில் பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், ஒளிர்வின் அளவு அசையவே இல்லை. ஓலிகோ (ஆர்டர் கொடுத்து வாங்கும் குட்டி டி.என்.ஏ. இழை) கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் அதையே சந்தேகித்தேன். கடைசியில் சி.டி. (மடிப்பின் வடிவைக் காட்டும் வட்ட இருநிற நிறமாலை) எடுத்தால் பொட்டாசியம் சேர்க்கும் முன்பே, மடிந்ததற்கு அடையாளமான முகடு 290 நானோமீட்டரில்! பஃபரின் பி.எச்.சைச் சரிசெய்ய லித்தியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பாட்டிலை எடுத்திருக்கிறேன். சில மில்லிமோலார் பொட்டாசியமே இழையை மடித்துவிட்டது. ஆய்வி ஆரம்பம் முதல் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க: மாதிரியை ஊற்றும் க்யூவெட் குவார்ட்ஸாக இருப்பது கட்டாயம். 310 நானோமீட்டரில் தூண்டினால் 347 பக்கம் நீரின் ராமன் முகடு (நீரே சிதறடிக்கும் ஒளி) எட்டிப் பார்க்கும், அதை 370-இல் வரும் ஒளிர்வின் தோள் என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் பஃபரை அளந்து கழியுங்கள். சூடேற்றும்போது தனி 2-அமினோபியூரினின் ஒளியும் குறையும், ஆகவே அதையும் கூடவே ஓட்டுங்கள்.

குறை என்றால் ஒன்று உண்டு: இது தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். 7-ஆம் எழுத்தில் வைத்ததும் 13-இல் வைத்ததும் எனக்கு ஒரே மாதிரி கோடு தந்ததில்லை. செலவு கூடினாலும் இப்போதெல்லாம் குறைந்தது இரண்டு இடத்துக்குத் தனித்தனி ஓலிகோ ஆர்டர் கொடுக்கிறேன், ஆய்வி இல்லாத இழை ஒன்றையும் சேர்த்து.