மாலை ஜெபத்துக்கு ‘பிரே ஆஸ் யூ கோ’: ஒரு முடிவை வைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “ஆண்டவரே, இதுவா அதுவா, இன்றைக்கு ராத்திரிக்குள் சொல்லிவிடும்” என்று கேட்கிறவர்களுக்கு இந்தச் செயலி சரிப்பட்டு வராது. எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

பிரே ஆஸ் யூ கோ, பிரிட்டனிலுள்ள இயேசு சபையார் என்ற கத்தோலிக்கத் துறவிகள் 2006-இல் தொடங்கியது. ஸ்மார்ட்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் கேட்கட்டும் என்று ஆரம்பித்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று, வார இறுதிக்கு ஒன்று. 10 முதல் 13 நிமிடம் வரும்: கொஞ்சம் இசை, ஒரு வேதபகுதி, அதையொட்டிச் சில கேள்விகள். கட்டணம் கிடையாது. ஆனால் நான் சொல்ல வந்தது இதைப் பற்றி இல்லை. அதே செயலிக்குள் தனியாக இருக்கும் ஆத்தும சோதனைப் பதிவுகளைப் பற்றி. நாள் முடிகிற நேரத்துக்கு உரியவை அவைதான்.

நான் பிராட்டஸ்டண்ட். எங்கள் வீட்டில் மாலை ஜெபம் என்றால் ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் விண்ணப்பங்கள். கேட்பதெல்லாம் நாளையைப் பற்றியே இருக்கும். ஆத்தும சோதனையோ, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் முறை; அது முடிந்துபோன இன்றைய நாளைப் பார்க்கச் சொல்கிறது. அவர் எழுதிவைத்தது ஐந்து படி. முதலில் நன்றி. பிறகு தன்னை உள்ளபடி பார்க்க அருள் கேட்பது. அதன்பின் எழுந்தது முதல் மணி மணியாக நாளைத் திரும்பப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் திருந்தத் தீர்மானிப்பது. பதிவில் பேசுகிறவர்களும் இந்த வழியில்தான் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பாவக் கணக்கு எடுக்கும் தொனி மட்டும் இல்லை. நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், “அந்தம்மா ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுறாங்க, தூக்கம் வருதா?” என்று கேட்டார். பிறகு இயர்போனுக்கு மாறிவிட்டேன்.

என் முன்னால் இருந்த கேள்வி இது. அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இதை ஜெபத்தில் நேரடியாக எடுத்தால் என் மனசு வக்கீல் மாதிரி இரண்டு பக்கமும் வாதாடும். ஆமென் சொல்லும்போது வாய்தா வாங்கியிருக்கும். ஆத்தும சோதனையில் அந்தக் கேள்வியே வராது. இன்றைக்கு எங்கே மனம் மலர்ந்தது, எங்கே வாடியது என்றுதான் வரும். ஒரு நாள் மாலை அப்படிப் பின்னோக்கிப் போனபோது காலை பதினோரு மணியில் போய் நின்றேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கணக்கு ஏன் ஒத்துப்போகவில்லை என்று தெரியாமல் திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரே பில் இரண்டு தடவை ஏறியிருந்தது எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்து “அட!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பகலில் அதை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. அன்று பிற்பகல், புதிய பொறுப்புக்கு நான்தான் பொருத்தம் என்று மேலாளர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கேட்டபோது உச்சி குளிர்ந்தது உண்மைதான். வீடு வந்து சேர்வதற்குள் அது வடிந்துவிட்டது.

தங்குகிற மகிழ்ச்சி வேறு, வடிந்துபோகிற மகிழ்ச்சி வேறு. இஞ்ஞாசியார் இதைக் கண்டுகொண்டது நோய்ப்படுக்கையில். 1521-இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்க, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரசாகசக் கனவுகளும் இனித்தன, புனிதர்களைப் போல வாழும் கனவுகளும் இனித்தன. முதலாவது, நினைத்து முடித்ததும் வறட்சியை விட்டுச் சென்றது. இரண்டாவது, முடிந்த பிறகும் மகிழ்ச்சியாகவே தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்து பிறந்ததுதான் அவருடைய ‘தெளிந்து தேர்தல்’, அதாவது மனதின் அசைவுகளைக் கவனித்துக் கடவுளின் விருப்பத்தைக் கண்டுகொள்ளும் முறை.

ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பதிவு அன்றன்றோடு முடிந்துவிடும். நேற்று என்ன உணர்ந்தாய் என்று இன்று கேட்காது. ஒரு முடிவுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு நேற்றும் முந்தாநாளும்தான் முக்கியம். அதனால் ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதிவைத்தேன். வேறெந்த நாளைப் புரட்டினாலும், யாருக்காவது எதையாவது விளக்கிய நேரம் நன்றிப் பக்கத்தில் இருந்தது.

இதற்கு முன் வேறொரு ஜெப செயலி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். தினமும் இரவு ஒரு வசனத்தை அனுப்பி, “உங்களுக்காக ஒரு வாசல் திறக்கிறது” என்று அறிவிக்கும். பதவி உயர்வு மனதில் இருக்கும்போது அந்த வரியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் செயலியை நீக்கிவிட்டேன்.

இன்னொன்று. களைத்துப்போய் உட்காருகிற வேளை இது. ஜெபம் வறண்டு, எல்லாமே வீண் என்று தோன்றுகிற இரவுகள் உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் ஏற்கெனவே எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்று இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு விதியே இருக்கிறது. நானும் இரவில் கவனிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். முடிவை வெளிச்சமுள்ள ஒரு காலையில் எடுத்தேன். அதற்கும் இஞ்ஞாசியாரே வழி சொல்லியிருக்கிறார்: முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு உன்னிடம் வந்தால் என்ன ஆலோசனை சொல்வாய்? மரணத் தறுவாயில் எப்படி முடிவெடுத்திருக்க விரும்புவாய்? லாப நஷ்டங்களை எழுதிப் பார்க்கவும் சொல்கிறார். பொறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேலாளருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

யாருக்குச் சரிவரும்? அவசரமில்லாத முடிவு, சில வாரம் அவகாசம் உள்ளவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். நாளைக்கே கையெழுத்துப் போடவேண்டும் என்றால், விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவரிடம் நேரில் பேசுவதே மேல். படுத்துக்கொண்டு கேட்காதீர்கள்; நாற்காலியில் உட்காருங்கள். கேள்விக்குப் பிறகு வரும் மௌனம் போதவில்லை என்றால் தயங்காமல் பாஸ் பட்டனை அழுத்துங்கள். பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், அந்த மொழியில் ஜெபிக்க வராதவர்கள் மேலே சொன்ன ஐந்து படிகளை ஒரு தாளில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். நானே இப்போது பாதி நாள் அப்படித்தான் செய்கிறேன்.