நான் காட்டுகிற கிளினிக்: தராசு மட்டும் சரியில்லை

களுவாஞ்சிக்குடியிலிருந்து மாதம் ஒரு தடவை பஸ் ஏறி, மட்டக்களப்பு டவுனில் ஒரு பெண்நோயியல் டொக்டரிடம் காட்டுகிறேன். இது நாலாவது மாதம். கிளினிக்கின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

தராசை எல்லோரும் குந்தியிருக்கிற ஹோலில் வைத்திருக்கிறார்கள். நான் ஏறியதும் நேர்ஸ், “எண்பத்தொன்று!” என்று உள்ளே எழுதுகிற பிள்ளைக்குச் சத்தம் போட்டுச் சொன்னார். பக்கத்துக் கதிரை அம்மா என் வயிற்றைப் பார்த்தார். கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை, அதில் இதுவும். அன்றைக்கே திரும்பியிருப்பேன், என் கணவர்தான் கையைப் பிடித்து இருத்தினார்.

டொக்டர் வேறு மாதிரி. உயரம் 156 சென்டிமீட்டர், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 33 என்று பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி ஒரு முட்டையைக் கீறினார். உள்ளே குட்டிக் குட்டிப் புள்ளிகள். “ஓ.எல். விஞ்ஞானத்தில படிச்ச, கலத்துக்குச் சக்தி குடுக்கிற இழைமணி ஞாபகமா மகள்? ஒரு முட்டைக்குள்ள லட்சக்கணக்கில இருக்கு. கரு வளர்ற முதல் நாட்களுக்குச் சக்தி அதிலிருந்துதான்.” கொழுப்புக் கூடினால் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாது. இன்சுலின் ஏற ஏறச் சூலகம் ஆண் ஹோர்மோனைக் கூடச் சுரக்கும், முட்டை வெளியேறாமல் நின்றுவிடும். எனக்கு பீரியட் அறுபது நாள் வரை தள்ளிப்போனது அதனால்தானாம். அதோடு முட்டையைச் சுற்றியுள்ள நீரிலும் கொழுப்புச் சேர்ந்து, ஒட்சியேற்ற அழுத்தம் கூடி, இழைமணிகள் பழுதாகும். இரும்பில் துரு ஏறுகிற மாதிரி என்றார். கடற்கரை வீட்டுக்காரி எனக்கு ஜன்னல் கம்பி போகிற போக்குத் தெரியாதா?

ஒரு பாமசியில் ‘முட்டையின் தரம் கூடும்’ என்று சொல்லித் தலையில் கட்டிய குளிசைப் போத்தலைக் காட்டினேன். உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை, அந்தக் காசுக்கு மீன் வாங்கு என்றார். எழுதித் தந்தது ஃபோலிக் அசிட் 5 மில்லிகிராம், என் எடைக்கு அந்த அளவு வேண்டுமாம். முழுக்க மெலிய வேண்டியதில்லை, 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே பலருக்கு முட்டை வெளியேறத் தொடங்கும். ஆனால் முட்டை முதிர மூன்று மாதமளவு எடுக்கும், அவசரப்படாதே என்றார். எனக்கு 34. வயதால் போனதை மெலிந்து திரும்ப எடுக்க ஏலாது என்பதையும் மறைக்கவில்லை. இவருக்கும் விந்துப் பரிசோதனை எழுதினார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

ஐந்து சீனித் தேத்தண்ணி இப்போது ஒன்று. ராத்திரிப் புட்டு பாதி. பின்னேரம் கடற்கரையில் நடை. கடைசி இரண்டு பீரியடும் 35 நாள், 33 நாள்.

காலை ஆறரைக்கே நம்பர் எடுங்கள், பிந்தினால் மத்தியானம்தான். தராசு இன்னும் ஹோலில்தான். போன மாதம், “மெல்லச் சொல்லுங்க அக்கா” என்று கேட்டேன். நேர்ஸ் ஒன்றும் பேசாமல் துண்டில் எழுதித் தந்தார்: 77.