பட்டுவாடாவா, வழங்கலா?

சேரன்மகாதேவிப் பக்கம் என் மாமா ஒருவர் பிசானப் பருவ நெல் நடவுக்குப் பயிர்க்கடன் கேட்டிருந்தார். 'கடன் வழங்கப்பட்டுள்ளது' என்று தாள் வந்தது. அதை நம்பி நடவாட்களுக்குச் சொல்லிவிட்டார். பணம் கைக்கு வந்ததோ பதினெட்டு நாள் கழித்து. போய்க் கேட்டதற்கு, "வழங்கியாயிற்று, பட்டுவாடாதான் ஆகவில்லை" என்று பதில். இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

'வழங்கல்' கேட்க நன்றாக இருக்கிறது. பட்டம் வழங்கலாம், தீர்ப்பு வழங்கலாம், ரேஷன் அரிசியும் வழங்கலாம். எதற்கும் பொருந்துவதே அதன் குறை. உத்தரவில் கையெழுத்துப் போட்டதையும் ரூபாயை எண்ணிக் கொடுத்ததையும் அது ஒரே போர்வையால் மூடிவிடுகிறது. முன்னதற்கு 'ஒப்பளிப்பு' என்று அரசு அலுவலகங்களில் தனிச் சொல்லே இருக்கிறது. 'நிதி விடுவிப்பு' என்றால் பணம் மேலிடத்திலிருந்து கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். உரியவர் கையை அது இன்னும் தொடவில்லை. 'செலுத்துதல்' எதிர்த்திசை: மின்கட்டணம் நாம் செலுத்துவது.

ஆங்கிலச் சொல்லையே எழுதலாம் என்பவர்களும் உண்டு. 'டிஸ்பர்ஸ்' (disburse) பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. உள்ளே இருப்பது பணப்பையைக் குறிக்கும் சொல். பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது, நம் ஆச்சிமார் முந்தானை முடிச்சை அவிழ்ப்பதுபோல. ஆனால் கூட்டத்தைக் கலைக்கும் சொல்லையும் (disperse) தமிழில் 'டிஸ்பர்ஸ்' என்றுதான் எழுதியாக வேண்டும். ஆங்கிலத்தில் ஊறியவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நமக்கு எதற்கு அந்த வம்பு?

என் ஓட்டு பட்டுவாடாவுக்கு. வடக்கிலிருந்து வந்த சொல்தான். இந்தியில் 'பட்வாரா' என்றால் பங்கிடுதல்; 1947 பிரிவினையையும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இங்கு வந்ததும் அதற்கு வேறு வேலை கிடைத்தது: தபால் பட்டுவாடா, சம்பளப் பட்டுவாடா. பெயரைக் கூப்பிட்டு, ஆளைப் பார்த்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு கொடுப்பது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்ணிடம் வாரக்கூலி 'வழங்கப்பட்டதா' என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல, வட்டி இதில் இருக்கிறது. பணம் கொடுத்த நாளிலிருந்து அல்லாமல், கடனை அனுமதித்த நாளிலிருந்தோ ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ சில நிறுவனங்கள் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்டது. அது முறையல்ல என்று 2024 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. காசோலையில் ஒரு தேதி, அதைக் கொடுத்தது பல நாள் கழித்து என்ற கதையும் அதில் உண்டு. மாமாவின் பதினெட்டு நாள் நினைவுக்கு வந்தது.

பட்டுவாடாவுக்கு ஒரு கறை உண்டு என்பதை மறைக்க முடியாது. 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் புகாரால் ரத்தானபோது, செய்தித்தாள்களில் இந்தச் சொல்தான் புரண்டது. அதனாலேயோ என்னவோ, அறிவிப்பு எழுதுகிறவர்கள் கூசிக்கொண்டு 'வழங்கல்' பக்கம் ஒதுங்குகிறார்கள்.

இப்போது நூறு நாள் வேலைக் கூலியும் வங்கிக் கணக்குக்கே போகிறது. அதற்கு 'வரவு வைக்கப்பட்டது' என்று எழுதுவது சரி. அத்தை அதையும் சொல்வதில்லை. "துட்டு ஏறிவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்.