மைலை மாற்றித் தருவதா, டிக்கெட்டே போட்டுத் தருவதா?

போன வருஷம் புரட்டாசியில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து, பேரப்பிள்ளைகளோடு தீபாவளி கொண்டாடிவிட்டுத் திரும்பினார்கள். போக வர டிக்கெட் இரண்டு பேருக்கும் நான் சேர்த்து வைத்திருந்த மைலில், அதாவது விமானத்தில் பறந்தும் கிரெடிட் கார்டில் செலவு செய்தும் சேரும் வெகுமதிப் புள்ளிகளில், போட்டது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், பெங்களூரில் இருக்கும் தங்கைக்குத் திருமண நாள் பரிசாக மைல் கொடுத்தேன். அந்த மைலில் அவள் ஒரு ஊருக்கும் போகவில்லை. இரண்டுமே ஒரே மாதிரி பரிசுதான், கொடுத்த விதம்தான் வேறு. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஊரில் உள்ளவர்களுக்கு மைலைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

வழிகள் நாலு. விமான நிறுவனத்தில் உள்ள நம் மைல் கணக்கிலிருந்து அவர்கள் கணக்குக்கு மைலை மாற்றுவது ஒன்று. நம் கணக்கிலிருந்தே அவர்கள் பெயரில் டிக்கெட் போடுவது இன்னொன்று. குடும்பமாக ஒரே தொகுப்பில் மைலைச் சேர்த்துக்கொள்வது மூன்றாவது. கிரெடிட் கார்டில் சேரும் பாயிண்ட்டைக் கிஃப்ட் கார்டாக மாற்றிக் கொடுப்பது நாலாவது. இரண்டாவது வழிக்குத்தான் என் ஓட்டு.

முதலில் மைல் மாற்றம். பார்க்க இதுதான் சரியான பரிசு மாதிரி இருக்கும். "உன் கணக்கில் போட்டுவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் போ" என்று சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான அமெரிக்க விமான நிறுவனங்கள் இதற்குக் காசு கேட்கின்றன. டெல்டாவை எடுத்துக்கொண்டால், மாற்றும் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சென்ட், அதற்கு மேல் 30 டாலர் கட்டணம். 30,000 மைல் மாற்றினால் 330 டாலர். ஏற்கெனவே நம்முடையதாக இருக்கும் மைலை இன்னொருவருக்குக் கொடுக்க இவ்வளவு. அந்தப் பணத்தை அப்படியே தங்கை கையில் கொடுத்திருந்தால் பெங்களூரிலிருந்து ஊருக்கு எத்தனையோ தடவை வந்து போயிருப்பாள்.

நான் அப்போது இதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒரு நிறுவனத்தில் இருந்த 22,000 மைலை, இருநூறு டாலருக்கு மேல் கட்டணம் கட்டி அவள் கணக்குக்கு மாற்றினேன். அவளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூர் போக ஆசைப்பட்டார்கள். அவர்கள் கேட்ட தேதியில் மைலுக்குக் கிடைக்கும் ஒரு இடம் இருந்தால் இன்னொன்று இல்லை, இரண்டும் இருந்தால் மைல் கொஞ்சம் குறைந்தது. "அப்புறம் பாத்துக்கலாம்ணே" என்றாள். அப்புறம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஒன்றரை வருஷம் அந்தக் கணக்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை. கடைசியில் மைல் முழுவதும் காலாவதியாகிவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல் அவள் எப்போதாவது திறக்கும் ஒரு பழைய முகவரிக்குப் போயிருந்தது. அந்த மைல் என் கணக்கிலேயே இருந்திருந்தால் அந்த நிறுவனத்தின் கிரெடிட் கார்டில் ஒரு காபி வாங்கியிருந்தாலே காலக்கெடு புதுப்பிக்கப்பட்டிருக்கும். எல்லா நிறுவனத்திலும் இப்படி இல்லை. யுனைடெட், டெல்டா மைல்களுக்குக் காலாவதி கிடையாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 24 மாதம் கணக்கு அசையாமல் இருந்தால் போய்விடும். அதனால் மாற்றுவதற்கு முன் மைலைப் பெறுபவரின் கணக்குக்கு என்ன விதி என்று பார்த்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டு பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. இங்குள்ள வங்கிகளில் கேப்பிட்டல் ஒன் கார்டின் மைலை, அதே மாதிரி கார்டு வைத்திருக்கும் யாருக்கும் காசில்லாமல் மாற்றலாம். சேஸில் ஒரே வீட்டில் வசிக்கும் ஒருவரோடு சேர்த்துக்கொள்ளலாம். அமெக்ஸில் நம் கணக்கில் கூடுதல் கார்டு வாங்கி 90 நாள் ஆனவரின் விமானக் கணக்குக்கு அனுப்பலாம். சிட்டியில் அதே வங்கியின் பாயிண்ட் கணக்கு வைத்திருக்கும் யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் வாங்கியவர் 90 நாளுக்குள் செலவழிக்க வேண்டும். கணவன் மனைவிக்குள் இவை அருமையான வசதிகள். மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு இந்த ஊர்க் கார்டு எங்கே இருக்கிறது? இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்கு ஒருமுறை போன பாயிண்ட் திரும்பி வராது. இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிக்கெட் போடும் நேரத்தில் அனுப்புவதுதான் நல்லது.

அப்புறம் பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இது தனி அவஸ்தை. அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயருக்கான இடம் காலி. அமெரிக்க விசாவில் அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப் என் யூ' என்று அச்சடித்துத் தந்தார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அவருக்காக ஒரு விமான நிறுவனத்தில் கணக்குத் தொடங்கியபோது இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அந்த இணையப் பக்கம் என்னை மேலே போக விடவில்லை. தாத்தா பெயரைச் சேர்த்து நிரப்பினேன். பிறகு அதைப் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தத் திருத்துவதற்கு நகல்கள் அனுப்பி, மூன்று வாரம் காத்திருந்து, அதற்குள் பார்த்து வைத்திருந்த இடமும் போய்விட்டது. நம் கணக்கிலிருந்து டிக்கெட் போட்டால் அவர்களுக்குக் கணக்கே தேவையில்லை. பயணி பெயரைப் பாஸ்போர்ட், விசா இரண்டையும் பார்த்து நிரப்பினால் போதும். ஒற்றைப் பெயர் என்றால் நிறுவனத்துக்கு ஃபோன் செய்து அவர்கள் எப்படிப் போடச் சொல்கிறார்களோ அப்படியே போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் சின்னச் சின்ன வசதிகள்தான். என்னை இந்தப் பக்கம் சாய்த்த காரணம் ஒன்றே ஒன்று. பயணம் தள்ளிப்போனால் என்ன ஆகும்?

ஊரிலிருந்து வரும் பெற்றோரின் பயணம் முதலில் போட்ட தேதியில் நடப்பது எத்தனை வீட்டில்? விசா நேர்முகத் தேதி கிடைக்காது. கிடைத்தால் முழங்கால் வலி வரும். அது சரியானால் சொந்தத்தில் ஒரு கல்யாணம், இல்லையென்றால் ஒரு சாவு. எங்களுக்கு முதலில் வைகாசியில் டிக்கெட். சித்திரை மாதம் அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு அம்மா ஃபோனில் சொன்னார். ஒன்பதரைக்கு இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டேன். யுனைடெட் மைலில் போட்ட டிக்கெட்டை விமானம் கிளம்பும் முன் ரத்து செய்தால் மைல் முழுவதும் கட்டணமில்லாமல் திரும்பி வரும். மைல் போட்டவர் கணக்குக்கே வரும், மைல் டிக்கெட்டுக்கும் கட்ட வேண்டியிருக்கும் வரிப்பணம், எந்தக் கார்டில் கட்டினோமோ அதற்கு வரும். கண் ஆறியதும் அதே மைலை வைத்துப் புரட்டாசிக்குப் போட்டேன். எனக்கு ஒரு டாலர்கூட நஷ்டமில்லை.

இதையே அப்பாவின் கணக்குக்கு மைலை மாற்றி அங்கிருந்து போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டும். அவருடைய கைபேசிக்கு வரும் குறியெண் வேண்டும். எனக்கு இரவு ஒன்பதரை என்றால் மதுரையில் காலை ஏழு. கண் வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மனிதரிடம், "அப்பா, ஒரு ஆறு இலக்க நம்பர் வந்திருக்கும் பாருங்க" என்று கேட்க வேண்டும். திரும்பி வந்த மைலும் அவர் கணக்கில்தான் விழுந்திருக்கும். அவர் பயணம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அதை மறுபடி என் பக்கம் கொண்டுவர இன்னொரு முறை கட்டணம் கட்டியிருக்க வேண்டும். வாங்கிய டிக்கெட்டைக் கொடுப்பதைவிட, வாங்கியதற்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்வதில்தான் வேலை அதிகம். அந்த வேலையை வயதானவர்கள் தலையில் வைக்காமல் நம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்த வழியின் பெரிய லாபம்.

ரத்து விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மாறிக்கொண்டேயும் இருக்கும். ஏர் கனடாவின் ஏரோபிளான் போன்ற திட்டங்களில் ரத்துக்குக் கட்டணம் உண்டு. எனவே ஊரிலிருந்து வருபவர்களுக்குப் போடும்போது, எங்கே மைல் குறைவு என்பதற்கு முன்னால் எங்கே ரத்து சுலபம் என்று பாருங்கள். ஐயாயிரம் மைல் கூடப் போனாலும் பரவாயில்லை.

போக, வர என்று சேர்த்துப் போடாமல் தனித்தனியாக ஒருவழி டிக்கெட்டாகப் போட்டேன். அதுவும் கைகொடுத்தது. மைலில் ஒருவழி போட்டாலும் பாதி மைல்தான் கேட்கிறார்கள், காசு கொடுத்து வாங்கும் ஒருவழி டிக்கெட் போல விலை எகிறுவதில்லை. கார்த்திகையில் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று தெரிந்ததும் திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்னால் நகர்த்தினேன். வரும்போதே திரும்பும் டிக்கெட் நகலை அப்பா கையில் கொடுத்து வைத்திருந்தேன், குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்ட.

யுனைடெட் சென்னைக்குப் பறப்பதில்லை. அதன் மைலை வைத்து ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டமைப்பில் அதன் கூட்டாளியான லுஃப்தான்சாவில் சென்னை–ஃப்ராங்க்ஃபர்ட், அங்கிருந்து நியூவார்க் என்று போட்டேன். இதில் ஒரு நுணுக்கம். யுனைடெட் தரும் பதிவு எண் வேறு, லுஃப்தான்சாவின் பதிவு எண் வேறு. இரண்டாவதைக் கேட்டு வாங்கி, லுஃப்தான்சா இணையதளத்தில் போய்த்தான் பக்கத்துப் பக்கத்து இருக்கையும் சைவ உணவும் சொல்லி வைத்தேன். வீல்சேர் கட்டாயம் கேளுங்கள். அம்மா நன்றாக நடப்பார். ஆனால் ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு மொழி தெரியாமல் அலைவதைவிட, உதவியாளர் ஒருவர் கூட வந்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது எவ்வளவு நிம்மதி!

குடும்பத் தொகுப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மனைவியோடு மட்டும்தான் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். யுனைடெட் 2024-இல் இதைத் தொடங்கியது, ஐந்து பேர் வரை சேரலாம், கட்டணம் இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும் மைலை ஒன்றாக்க நல்ல வழி. ஆனால் தொகுப்பில் போட்ட மைலை யுனைடெட்டின் சொந்த விமானங்களில்தான் செலவழிக்க முடியும், கூட்டாளி விமானத்தில் முடியாது. அதாவது ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்குப் போகும் அந்த லுஃப்தான்சா இருக்கை இதில் கிடைக்காது. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய குறை. எமிரேட்ஸ் குடும்பத் திட்டத்தில் எட்டுப் பேர் வரை சேரலாம். அந்த நிறுவனம் துபாயிலிருந்து சென்னைக்கு நேராகவே பறக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்து, குடும்பத்தோடு வருஷா வருஷம் ஊருக்கு வருபவர்களுக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது. நான் அங்கே இருந்ததில்லை, இருப்பவர்கள் சொன்னால் அதை நம்புங்கள்.

நண்பர்களுக்கு என்றால், அதிலும் ஹோட்டல் பாயிண்ட் என்றால், என் சாய்வு மாறிவிடும். மேரியட்டில் வருஷத்துக்கு 100,000 பாயிண்ட் வரை இன்னொருவருக்கு இலவசமாக மாற்றலாம். ஹில்டனில் 11 பேர் வரை பாயிண்ட்டைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கும் காசில்லை. கட்டணம் இல்லாத இடத்தில், சொந்தமாகக் கணக்கு வைத்துப் பழகிய நண்பனுக்கு மாற்றியே கொடுத்துவிடலாம். கூடப் படித்த நண்பனுக்குக் கல்யாணமானபோது 40,000 பாயிண்ட் கொடுத்தேன். எந்த ஊர், எந்த நாள் என்பதை அவனும் அவன் மனைவியும் தீர்மானித்துக்கொண்டார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்பதை நான் முன்பதிவு செய்து கண்காணிக்க வேண்டியதில்லை அல்லவா? இது ஒருமுறை செய்ததுதான், அதனால் விதி என்று சொல்ல மாட்டேன்.

கிஃப்ட் கார்டை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். கார்டு பாயிண்ட்டை அப்படி மாற்றும்போது மதிப்புப் பெரும்பாலும் குறைகிறது. டாலரில் இருக்கும் கார்டை ஊரில் உள்ளவர்கள் பயன்படுத்துவதும் கஷ்டம். இங்கே அமெரிக்காவிலேயே படிக்கும் அக்கா மகனுக்கு, விடுமுறையில் வீட்டுக்கு வந்து போக என்றால் சரி.

எந்த வழியாக இருந்தாலும் கொடுத்ததற்குப் பணம் வாங்காதீர்கள். மைலை விற்பதை எல்லா நிறுவனமும் தடை செய்திருக்கிறது, தெரிந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். சொந்தக்காரர் நல்ல மனதோடுதான் "பாதியாவது வாங்கிக்கோ" என்பார். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். பரிசு என்றால் பரிசாகவே இருக்கட்டும்.

அப்பா எங்கள் காசில் எதையும் லேசில் வாங்கிக்கொள்ள மாட்டார். இரண்டு பேருக்கு டிக்கெட் விலையைச் சொல்லியிருந்தால் "அவ்வளவு காசு போட்டு எதுக்குப்பா, நீங்களே வாங்க" என்று முடித்திருப்பார். "காசு இல்லப்பா, நாங்க மளிகை சாமான் வாங்கினதுக்குச் சேர்ந்த மைல், வரி மட்டும்தான் கட்டினேன்" என்றதும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எந்தத் தேதி என்று கேட்டார். டிக்கெட் போட்ட அன்று பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து அம்மா சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார். வைகாசி டிக்கெட்டை ரத்து செய்தபோது அதைக் கிழிக்கவே விடவில்லையாம், புது டிக்கெட் வந்ததும் அதன் மேலேயே வைத்துவிட்டார்.

வரும் சித்திரைக்கு மாமியார் வருகிறார். அவருக்கும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், அதன் நகல் நேற்றுத்தான் வாட்ஸ்அப்பில் வந்தது.